வீட்டைக் கட்டியவர்கள்

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினோரு வயது. பெயர் டோனா லோபியானோ. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், ஸ்டாம்ஃபோர்ட் என்கிற ஊர். ஐம்பதுகளின் பிற்பகுதி.

தெருப் பையன்களோடு பேஸ்பால் ஆடி வளர்ந்தவள். ஆள் இல்லாத நேரத்தில் வீட்டுச் சுவரில் பந்தை வீசி வீசிப் பழகியவள். பெரிய பௌலராக, அதாவது அவர்கள் பாஷையில் பிட்ச்சராக, வரவேண்டும் என்பது கனவு. ஊரில் லிட்டில் லீக் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய் நின்றாள். தேர்வும் ஆகிவிட்டாள்.

சீருடை கொடுக்கிற நாள். வரிசையில் நிற்கிறாள். அப்போது இன்னொரு பையனின் அப்பா கையில் ஒரு புத்தகத்தோடு வந்தார். விதிப்புத்தகம். ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பெண்களுக்கு அனுமதி இல்லை.

அவ்வளவுதான். சீருடை இல்லை, ஆட்டம் இல்லை, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அந்த விதி எப்படி வந்தது என்பது ஒரு தனிக் கூத்து. 1950-ல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் என்ற ஊரில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். பின்னலை வெட்டிக்கொண்டு, தம்பியின் உடுப்பை மாட்டிக்கொண்டு, 'டப்பி' என்று ஆண்பிள்ளைப் பெயர் சொல்லி லிட்டில் லீக் அணியில் சேர்ந்துவிட்டாள். பிறகு அவளே உண்மையைச் சொன்னாள். கோச் நல்ல மனுஷன். ஆட்டம் நன்றாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார். ஆனால் தலைமையகம் விடவில்லை. அடுத்த வருஷமே பெண்கள் கூடாது என்று விதி எழுதிவிட்டார்கள். அந்த விதி போவதற்கு 1974 வரை ஆனது. அதுவும் நியூ ஜெர்சியில் மரியா பெப்பே என்கிற பெண்ணுக்காகத் தொடரப்பட்ட வழக்குக்குப் பிறகுதான்.

சரி, பெண்கள் ஆட முடியாமல் போன கதைகள் உலகத்தில் நிறைய உண்டு. நாம் பார்க்கப்போவது அதுவல்ல. ஆட்டத்தை நடத்திய பெண்களின் கதை. விசில் ஊதியவர்கள், பட்டியல் போட்டவர்கள், பட்ஜெட்டுக்கு அலைந்தவர்கள், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் ஒரு வீட்டைக் கட்டினார்கள். பத்தே வருஷத்தில் வீடு கைமாறியது.

பதினோரு வயது டோனாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவாள்.

*

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால் என்னவென்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் மாதிரி ஒரு பி.டி. மாஸ்டர், ஒரு மைதானம், வருஷத்துக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் டே என்று முடிகிற விஷயம் இல்லை. லட்சம் பேர் உட்காருகிற கல்லூரி ஸ்டேடியங்கள் அங்கே உண்டு. டி.வி. உரிமை கோடிகளில் போகும். கவர்னரைவிட அதிகம் சம்பளம் வாங்குகிற கால்பந்து கோச்சுகள் உண்டு.

இந்த சாம்ராஜ்ஜியத்தை ஆளும் அமைப்புக்குப் பெயர் என்.சி.ஏ.ஏ. தேசியக் கல்லூரிகள் விளையாட்டுச் சங்கம். கல்லூரிக் கால்பந்தில் பையன்கள் செத்துப்போகிறார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்து, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே தலையிட்டு, 1906-ல் உருவான அமைப்பு. ஆண்களுக்கான அமைப்பு என்று பெயர்ப்பலகையில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்படியானால் பெண்கள்?

பெண்களுக்கு உடற்பயிற்சி ஆசிரியைகள் இருந்தார்கள். இந்த ஆசிரியைகள் ஒரு தனி ரகம். ஆண்கள் கல்லூரி விளையாட்டில் நடக்கிற பண விளையாட்டு, ஆள் பிடிக்கிற வேலை, படிப்பைக் கெடுக்கிற வெறி எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். நம் பெண்களுக்கு இந்த வியாதி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 1923-ல் வாஷிங்டனில் ஒரு மாநாடு போட்டார்கள். தலைமை, பிற்பாடு அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி லூ ஹென்றி ஹூவர். ஒரு சில நட்சத்திரங்கள் ஜொலிப்பதைவிட எல்லாப் பெண்களும் ஆடுவதுதான் முக்கியம் என்பது அவர்கள் கொள்கை.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? 'ப்ளே டே' என்று ஒரு ஏற்பாடு. பல கல்லூரிப் பெண்களை ஓரிடத்தில் கூட்டி, கலந்து கட்டி அணி பிரித்து ஆடவிடுவார்கள். எந்தக் கல்லூரியும் எந்தக் கல்லூரியோடும் மோதாது. யார் ஜெயித்தது என்ற கேள்வியே வராது. முடிந்ததும் டீ, பிஸ்கெட்.

நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அறுபதுகளில் பெண்களுக்கு டீயும் பிஸ்கெட்டும் போதவில்லை. ஜெயிக்க வேண்டும், சாம்பியன் ஆக வேண்டும் என்றார்கள். ஆசிரியைகளும் இறங்கி வந்தார்கள். 1971-ல் ஒரு புதிய அமைப்பு பிறந்தது. கல்லூரிப் பெண்கள் விளையாட்டுச் சங்கம். ஏ.ஐ.ஏ.டபிள்யூ.

தலைவர் பெண். அடுத்து வந்த தலைவர்களும் பெண்கள். கமிட்டிகள், விதிகள், அப்பீல், போட்டி அட்டவணை என்று எல்லாம் பெண்கள் கையில். நாடு முழுவதும் இளம் பெண்களின் விளையாட்டைப் பெண்களே ஆண்ட காலம் அது. தொடக்கத்தில் முன்னூறுக்கும் குறைவான கல்லூரிகள். பத்து வருஷத்தில் ஆயிரத்தை நெருங்கிவிட்டன.

*

கையில் காசு கிடையாது. அதையும் சொல்லியாக வேண்டும்.

1972. முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி. பென்சில்வேனியாவில் கன்னியாஸ்திரீகள் நடத்திய இம்மாகுலேட்டா என்றொரு சின்னக் கல்லூரி தகுதி பெற்றுவிட்டது. அவர்களுடைய உடற்பயிற்சிக்கூடம் சில வருஷங்களுக்கு முன்னால் எரிந்துபோயிருந்தது. கோச் கேத்தி ரஷ், இருபதுகளில் இருந்த பெண். முதல் சீசனுக்கு அவர் வாங்கிய சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு அல்ல, சீசனுக்கே.

போட்டி நடக்கிற இடமோ தூரத்தில், இல்லினாய் மாநிலத்தில். விமான டிக்கெட்டுக்குப் பணம்? மாணவிகள் டூத்பிரஷ் விற்றார்கள். அப்படியும் எட்டுப் பேருக்குத்தான் கட்டுப்படியாயிற்று. அதுவும் காலியிடம் இருந்தால் ஏற்றிக்கொள்வோம் என்கிற ஸ்டாண்ட்-பை டிக்கெட். எட்டுப் பேர் போனார்கள். ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். 1973-லும் ஜெயித்தார்கள். 1974-லும்.

அந்த அணியில் தெரசா ஷாங்க் என்று ஒரு பெண். கல்யாணத்துக்குப் பிறகு தெரசா கிரென்ட்ஸ். இவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1974-ல் டென்னசி பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பெண்கள் கூடைப்பந்து கோச் ஆனார். மாதம் 250 டாலர். அணியின் சீருடையைத் துவைப்பதும் அவர்தான், வேன் ஓட்டுவதும் அவர்தான். பேட் சம்மிட். ஓய்வு பெறும்போது 1,098 வெற்றிகள், எட்டு தேசியப் பட்டங்கள்.

இவர்களுடைய விதிகள் சில வேடிக்கையாகக்கூட இருந்தன. ஸ்காலர்ஷிப் கூடாது என்றார்கள். பணம் வந்தால் ஊழல் வரும் என்ற பயம். ஃப்ளோரிடாவில் மாணவிகளும் அவர்களுடைய பொறுப்பாளரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆண்களுக்குக் கிடைக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? நியாயமான கேள்வி. 1973-ல் சங்கம் விதியை மாற்றிக்கொண்டது.

சில விதிகளோ காலத்துக்கு முந்தியவை. ஒரு மாணவி கல்லூரி மாறினால் உடனே புது அணியில் ஆடலாம். என்.சி.ஏ.ஏ.வின் பெரிய ஆட்டங்களில் அப்படி மாறினால் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டும். மாணவன் என்பவன் கல்லூரியின் சொத்தா என்ன என்று பெண்கள் கேட்டார்கள். என்.சி.ஏ.ஏ. இந்தச் சலுகையை எல்லா ஆட்டங்களுக்கும் கொடுத்தது 2021-ல். அரை நூற்றாண்டு கழித்து!

*

இதற்கு நடுவே வாஷிங்டனில் ஒரு காரியம் நடந்திருந்தது. 1972 ஜூன் 23. அதிபர் நிக்ஸன் ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு பிரிவு, டைட்டில் நைன். ஆங்கிலத்தில் மொத்தமே முப்பத்தேழு வார்த்தை. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் பாகுபாடு கூடாது. இதன் பின்னால் இருந்தவர்கள் பாட்ஸி மிங்க், எடித் கிரீன் என்ற இரண்டு பெண் எம்.பி.க்கள். செனட்டில் பர்ச் பை.

விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் விளையாட்டும் கல்வித் திட்டம்தானே?

விளைவைப் பாருங்கள். 1971-72-ல் உயர்நிலைப் பள்ளிகளில் போட்டி ஆட்டம் ஆடிய பெண்கள் 2 லட்சத்து 94 ஆயிரம் பேர். அடுத்த வருஷமே எட்டு லட்சத்தைத் தாண்டியது. பிற்காலத்தில் 34 லட்சம்.

என்.சி.ஏ.ஏ. பதறிப்போனது. பெண்களுக்கும் பங்கு கொடுத்தால் கால்பந்து என்ன ஆவது? டெக்ஸாஸ் செனட்டர் ஜான் டவர் 1974-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வருமானம் தரும் ஆட்டங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. தேறவில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் முயற்சி.

இப்போது டோனா வருகிறார்.

லிட்டில் லீக்கில் விரட்டப்பட்ட பெண் சாஃப்ட்பாலுக்குப் போய், ரேபெஸ்டாஸ் பிரேகெட்ஸ் என்ற புகழ்பெற்ற அணியில் நட்சத்திரமாகி, டாக்டர் பட்டமும் வாங்கியிருந்தார். 1975-ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் பெண்கள் விளையாட்டுக்குத் தனித் துறை தொடங்கி அவரை இயக்குநராகப் போட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை. மொத்த பட்ஜெட் 57 ஆயிரம் டாலர். சேர்ந்த கொஞ்ச நாளில் வாஷிங்டன் போய் செனட் கமிட்டி முன்னால் டவர் மசோதாவுக்கு எதிராக சாட்சி சொன்னார். தன் மாநிலத்து செனட்டருக்கு எதிராக! தன் பல்கலைக்கழகத்துக் கால்பந்து கோச் எதை ஆதரித்தாரோ, அதற்கு எதிராக!

வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை. மசோதாதான் போனது. 1976-ல் என்.சி.ஏ.ஏ. கோர்ட்டுக்குப் போனது. அங்கேயும் வழக்கு தள்ளுபடி.

தடுக்கவும் முடியவில்லை, உடைக்கவும் முடியவில்லை. மிச்சம் என்ன வழி? எடுத்துக்கொள்வது.

*

1981 ஜனவரி. மயாமி பீச்சில் என்.சி.ஏ.ஏ. மாநாடு. முதல்தரக் கல்லூரிப் பெண்களுக்கும் இனி நாங்களே சாம்பியன்ஷிப் நடத்துகிறோம் என்று தீர்மானம். ஓட்டெடுப்பு. சரிக்குச் சரி. மறுபடி எண்ணினார்கள். ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது. பெண்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் நாள் முடியவில்லை. மறுபரிசீலனை என்றார்கள். பேசவேண்டியவர்களிடம் பேசினார்கள். மீண்டும் ஓட்டெடுப்பு. இந்த முறை தீர்மானம் ஜெயித்துவிட்டது.

கல்லூரிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்த சீர்வரிசை பெரிது. பெண்கள் போட்டிக்குத் தனியாகச் சந்தா கிடையாது. தேசியப் போட்டிக்கு வருகிற அணிகளின் பயணச்செலவு எங்களுடையது. டி.வி.யும் உண்டு. டூத்பிரஷ் விற்று டிக்கெட் வாங்கிய சங்கம் இதோடு எப்படிப் போட்டி போடும்? பெண் கோச்சுகளிலேயே சிலர், என் பெண்களுக்கு நல்ல வசதி கிடைத்தால் சரி என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? வேன் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அலுப்பு தெரியும்.

அந்த 1981-ல் பெண்கள் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? டோனா லோபியானோ.

1982 மார்ச் 28. ஒரே நாளில் இரண்டு தேசிய இறுதிப் போட்டிகள். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் என்.சி.ஏ.ஏ. நடத்திய முதல் பெண்கள் இறுதி. லூசியானா டெக் ஜெயித்தது. பிலடெல்ஃபியாவில் பெண்கள் சங்கத்தின் கடைசி இறுதி. ஒரு பக்கம் ரட்கர்ஸ். மறுபக்கம் டோனாவின் டெக்ஸாஸ். 83-77 என்று ரட்கர்ஸ் ஜெயித்தது. ரட்கர்ஸ் கோச், தெரசா கிரென்ட்ஸ். ஸ்டாண்ட்-பை டிக்கெட்டில் போய் முதல் கோப்பையை ஜெயித்த அதே பெண், கடைசிக் கோப்பையையும் வாங்கினார்.

இரண்டு இறுதிகளிலும் ஆடிய நான்கு அணிகளுக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் பெண்கள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில் சங்கத்துக்கு மூடுவிழா. ஏகபோகம் செய்து எங்களை அழித்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 1983-ல் தோற்றார்கள். 1984-ல் அப்பீலிலும் தோற்றார்கள்.

*

இனிதான் விஷயமே.

பெண்களுக்கு வாய்ப்பு கூடியது. ஸ்காலர்ஷிப் கூடியது. நல்ல மைதானம், நல்ல ஷூ, விமானத்தில் உறுதியான சீட். எல்லாம் உண்மை. ஆனால் புருக்ளின் கல்லூரிப் பேராசிரியைகள் விவியன் அகோஸ்டாவும் லிண்டா கார்ப்பென்டரும் ஒரு கணக்கு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றிரண்டு வருஷம் இல்லை, முப்பத்தேழு வருஷம்.

1972-ல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண் கோச்சுகள். 2014-ல்? 43.4 சதவிகிதம். 1972-ல் பெண்கள் விளையாட்டுத் துறைகளில் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் பெண் தலைமை. 2014-ல் 22.3. பெண்கள் அணிக்கு ஆண் கோச் சகஜம் ஆகிவிட்டது. ஆண்கள் அணிக்குப் பெண் கோச்? நூற்றுக்கு இரண்டு, மூன்று.

எப்படி நடந்தது? யாரும் சதி செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு கல்லூரியில் ஆண்கள் துறை, பெண்கள் துறை என்று இரண்டு இருந்தன. செலவு மிச்சம் என்று ஒன்றாக்கினார்கள். இரண்டு கடையை ஒன்றாக்கினால் கல்லாவில் யார் உட்காருவது? பெரிய கடைக்காரர். அவர் இயக்குநர், அம்மணி துணை இயக்குநர். கோச் வேலைக்கு 450 டாலர் என்றிருந்த வரையில் ஆண்கள் எட்டிப் பார்க்கவில்லை. சட்டம் வந்து சம்பளம் ஏறியதும் விண்ணப்பங்கள் குவிந்தன. தேர்வு செய்கிற நாற்காலியில் இருந்தவரும் ஆண். தெரிந்தவரை எடுத்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் ஆண்கள்.

பெண் ஆடுவதற்கு வாசல் திறந்த அதே சட்டம், பெண் நடத்துவதற்கு இருந்த வாசலைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டது. சட்டத்தின் தப்பு இல்லை. ஆடுகிறவர்களை எண்ணச் சொன்னார்கள். ஆள்கிறவர்களை எண்ண யாரும் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்த கிறிஸ்டின் கிராண்ட் இதில் விதிவிலக்கு. இவரும் பெண்கள் சங்கத்தின் முன்னாள் தலைவர். அயோவா பல்கலைக்கழகத்தில் 1973 தொடங்கி 2000-ல் ஓய்வு பெறும் வரை பெண்கள் துறையைத் தனியாகவே கட்டிக்காத்தார். டெக்ஸாஸில் டோனாவும் அப்படித்தான். 57 ஆயிரத்தில் தொடங்கிய பட்ஜெட்டை நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொண்டுபோய்விட்டு 1992-ல் விலகினார்.

*

புது வீட்டில் பெண்களை எப்படி வைத்திருந்தார்கள்?

2021 மார்ச். சான் ஆன்டோனியோவில் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி. செடோனா பிரின்ஸ் என்ற ஆட்டக்காரி ஒரு வீடியோ எடுத்துப் போட்டார். ஆண்கள் போட்டி நடக்கும் ஊரில் பெரிய ஹால் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஒரு மூலையில் சின்னதாக ஒரு அடுக்கு டம்பெல். உலகமே பார்த்தது. வேறு வழியில்லாமல் என்.சி.ஏ.ஏ. ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. அறிக்கை என்ன சொன்னது? பெண்கள் கூடைப்பந்தின் மதிப்பைக் குறைத்தே வைத்திருக்கிறீர்கள். மற்றப் பல சாம்பியன்ஷிப்களோடு சேர்த்துக் கட்டி டி.வி.க்கு விற்றிருக்கிறீர்கள். தனியாக விற்றால் இது மட்டுமே வருஷத்துக்கு எட்டுக் கோடி டாலருக்கு மேல் போகும். 'மார்ச் மேட்னெஸ்' என்ற புகழ்பெற்ற பெயரைக்கூடப் பெண்கள் போட்டிக்குத் தரவில்லை. 2022-ல்தான் தந்தார்கள். ஜெயிக்கிற அணியின் கல்லூரிக்கு ஆண்கள் போட்டியில் பணம் போய்க்கொண்டிருந்தது 1991-லிருந்து. பெண்கள் போட்டிக்கு அது வந்தது 2025-ல்.

வீட்டைக் கட்டியவர்கள் கூடவே இருந்திருந்தால் இதைக் கேட்க நாற்பது வருஷம் ஆகியிருக்குமா?

2024 ஏப்ரலில் பெண்கள் இறுதிப் போட்டி. சவுத் கரோலினாவும், கிறிஸ்டின் கிராண்ட் வளர்த்த அதே அயோவாவும். அமெரிக்காவில் 1 கோடியே 87 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம். சரித்திரத்தில் முதல் முறை. இரண்டு அணிகளுக்கும் பெண் கோச். டான் ஸ்டேலி, லிசா ப்ளூடர். கிறிஸ்டின் கிராண்ட் பார்க்கவில்லை. 2021 டிசம்பரின் கடைசி நாளில் போய்விட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜூடித் ஸ்வீட் என்ற பெண் 1991-ல் என்.சி.ஏ.ஏ. உறுப்பினர்களின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அமைப்பை அன்றாடம் நடத்தும் முழுநேரத் தலைமை நாற்காலிக்கு இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

டோனா சீருடைக்காக வரிசையில் நின்ற அன்று, விதிப்புத்தகம் ஓர் அப்பாவின் கையில் இருந்தது. பிறகு சில பெண்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு விதிப்புத்தகம் எழுதினார்கள். பத்து வருஷம் அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

இன்று பெண்கள் ஆட எந்தப் புத்தகமும் தடை சொல்வதில்லை. நல்ல விஷயம். ஆனால் உங்கள் வீட்டுப் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஆடுகிறவர்களைப் பார்த்தது போதும். விசில் யார் கழுத்தில் தொங்குகிறது? புத்தகம் யார் கையில் இருக்கிறது?